சாரிக்லோவுக்கு வளையம் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

இரவுப்பறவை: ரெண்டு நாளா இதே யோசனை. சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவுல சூரியனைச் சுத்துற குறுங்கோள் சாரிக்லோ வெறும் 250 கி.மீ. அகலம்தான். பெரிய தொலைநோக்கியிலகூட ஒரு புள்ளி. அதுக்கு ரெண்டு வளையம்னு எப்படி அடிச்சுச் சொல்றாங்க? படம் தேடினா வரைஞ்ச ஓவியம்தான் வருது, எரிச்சலா இருக்கு.

கருந்துளை: நிஜப் படமே கிடையாது. 2013 ஜூன் 3 அன்னைக்கு அது ஒரு நட்சத்திரத்தை மறைச்சுது. தென் அமெரிக்காவுல பல தொலைநோக்கிகள் காத்துக்கிட்டு இருந்துச்சு. நட்சத்திரம் மறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒளி ஒரு நொடிக்கும் குறைவா மங்கி மீண்டுச்சு. பின்னாடியும் அதே மாதிரி. ரெண்டு பக்கமும் வளையம் குறுக்க வந்ததுதான் காரணம்.

இரவுப்பறவை: தற்செயலா ஏதாவது தூசியா இருந்தா?

கருந்துளை: அப்படின்னா ரெண்டு பக்கமும், அதுவும் வெவ்வேற இடத்துலேர்ந்து பார்த்தவங்களுக்கும், கணக்கு பொருந்தாதே! சிலி நாட்டு லா சில்லா ஆய்வகத்துல இருக்கிற டேனிஷ் தொலைநோக்கியோட கேமரா வேகமானது. அதுல அந்த மங்கலே ரெண்டாப் பிரிஞ்சு தெரிஞ்சுது. ஒரு வளையம் சுமார் 7 கி.மீ. அகலம், இன்னொண்ணு 3.

வால்மீன்: கோள் இல்லாத ஒண்ணுக்கு வளையம் கண்டுபிடிச்சது அதுதான் முதல் தடவை. 2022ல ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியும் இதே மறைப்பு முறையில பார்த்துச்சு. படிகப் பனிக்கட்டியோட தடயமும் கிடைச்சுது.

இரவுப்பறவை: 3 கி.மீ.யா! நான் காலையில நடக்கிற தூரம்ங்க அது.