பிரெஞ்சு கேசட்டில் கலர் வரவில்லை, உதவி வேண்டும்

வணக்கம், புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 1980களின் கடைசியில் சித்தப்பா பிரான்சில் டிவியிலிருந்து பதிவு செய்து அனுப்பிய வி.எச்.எஸ். கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. கன்னியர் மடத்து வாழ்க்கையைப் பற்றிய டெலிஃபிலிம். சமையற்கட்டுச் சண்டை, சுருதி சேராத பாட்டுப் பயிற்சி, மதர் கண்ணில் படாமல் தோட்டத்தில் பழம் பறிக்கும் சிஸ்டர்கள் என்று யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைக்கும் படம். கன்னியராக இருந்து இப்போது ஓய்வில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு கிறிஸ்துமசுக்குள் இதைக் கலரில் காட்ட ஆசை.

சத்தம் தெளிவாக வருகிறது, படம் மட்டும் கறுப்பு வெள்ளை. வி.சி.ஆரில் (கேசட் ஓட்டும் கருவி) ஹெட் துடைத்தாயிற்று, டிராக்கிங் குமிழையும் திருப்பிப் பார்த்தாயிற்று. ஒரு ஸ்டூடியோவில் டிவிடியாக மாற்றியும் அதே கதைதான். கேசட் பிரான்சின் செகாம் (SECAM) என்ற கலர் முறை, நம்மூர் வி.சி.ஆர். பால் (PAL) என்ற வேறு முறை, அதனால்தான் கலர் வரவில்லை. நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்த மல்டி சிஸ்டம் செட்டிலும் போட்டோம். அதில் இருப்பது மெசெகாம் (மத்திய கிழக்கில் புழங்கிய வேறு வகை செகாம் பதிவு முறை), பிரெஞ்சுப் பதிவுக்கு அது கலர் தராது. டேப்பில் பூஞ்சை இல்லை, அறுந்த இடமும் இல்லை.

பிரான்சிலேயே வாங்கி வந்த செகாம் வி.சி.ஆர். ஓடும் நிலையில் புதுச்சேரியிலோ கடலூரிலோ யாரிடமாவது இருக்கிறதா?