ஒற்றை சிலிண்டர் எண்டூரோவை சூப்பர்மோட்டோ ஆக்க சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாதா?

புழுதிப்பிரியன்:

வணக்கம். என்னிடம் இருப்பது ஒற்றை சிலிண்டர் எண்டூரோ, அதாவது மண்பாதைக்கான வண்டி. அதையே சின்னச் சக்கரம் போட்டுத் தார்ச்சாலைக்கு ஏற்றதாக்கினால் சூப்பர்மோட்டோ என்பார்கள். முன்னால் 90/90-21, பின்னால் 140/80-18 டயர். நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த 17 அங்குலச் சக்கரங்கள் இரண்டைக் கொடுத்திருக்கிறார், 120/70, 160/60 டயரோடு. என் அச்சிலேயே பொருந்துகின்றன. வார நாட்களில் தார்ச்சாலை, விடுமுறையில் மண்பாதை என்று ஒரே வண்டியை இரண்டு விதமாக ஓட்ட ஆசை.

கேடிஎம் 690 எண்டூரோ ஆர், அதன் சூப்பர்மோட்டோ வடிவமான 690 எஸ்எம்சி ஆர் இரண்டையும் பார்த்தால் இன்ஜின் ஒன்று, ஃப்ரேமும் ஏறக்குறைய ஒன்று. சக்கரத்தை மாற்றிப் பெயரையும் மாற்றிவிட்டார்களா, கண்ணுக்குத் தெரியாமல் வேறு ஏதாவது செய்திருக்கிறார்களா? இன்னொரு சந்தேகமும் உண்டு. அவ்வளவு பெரிய ஒற்றைப் பிஸ்டனை உதறல் இல்லாமல் எப்படிச் சுற்றவைக்கிறார்கள்?

கடைசல்காரன்:

நான் லேத் வேலை செய்பவன். நீங்கள் நினைத்ததையே பல வருடங்களுக்கு முன் நானும் செய்தேன். சக்கரம் பொருந்தியது, கிளம்பிவிட்டேன். தெருவுக்குள் அருமையாகத் திரும்பியது. வேகமான நீண்ட வளைவு ஒன்றில் சாலையின் ஒட்டுப் போட்ட இடத்தைத் தாண்டியபோது ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. விழவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி எல்லாவற்றையும் அளந்தேன். அந்தக் கணக்கு உங்கள் டயர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

உங்கள் 21 அங்குல முன்சக்கரத்தின் ஆரம், டயரோடு சேர்த்து, சுமார் 348 மி.மீ. 17 அங்குலத்தில் அது 300. முன்பக்கம் 48 மி.மீ இறங்குகிறது. பின்பக்கம் 341 இலிருந்து 312, அதாவது 29 தான் இறங்குகிறது. மிச்சமுள்ள 19 மி.மீ அளவுக்கு வண்டி மூக்கைக் குனிந்து நிற்கும். 1500 மி.மீ சக்கர இடைவெளியில் இது ஸ்டியரிங் சாய்வை முக்கால் டிகிரி நிமிர்த்துகிறது.

பெரிய அடி டிரெயிலுக்கு. ஸ்டியரிங் அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும், டயர் அதற்குக் கொஞ்சம் பின்னால் தொடும். அந்த இடைவெளிதான் டிரெயில். சுழல் நாற்காலியின் சக்கரம் இழுபட்டுத் தானாக நேராவதும் இதே காரணத்தால்தான். எண்டூரோ வண்டிகளில் இது 110 மி.மீ பக்கம் இருக்கும். ஆரம் குறைவதால் மட்டும் 24 போகும், சாய்வு மாறுவதால் இன்னும் ஐந்தாறு போகும். மிஞ்சுவது 80. மெதுவாகப் போகும்போது சுறுசுறுப்பாகத் தெரிவதும், வேகத்தில் பதறுவதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் டிரிபிள் கிளாம்பின் ஆஃப்செட்டை, அதாவது ஸ்டியரிங் அச்சிலிருந்து அந்தக் குழாய்கள் முன்னால் தள்ளி நிற்கும் தூரத்தைக் குறைக்க வேண்டும். 10 மி.மீ குறைத்தால் டிரெயில் சுமார் 11 மி.மீ திரும்பி வரும்.

பிரேக்கும் வேறு. 690 எண்டூரோ ஆரில் முன் டிஸ்க் 300 மி.மீ, எஸ்எம்சி ஆரில் 320, அதோடு டிஸ்கை அழுத்திப் பிடிக்க ரேடியலாகப் பொருத்திய நாலு பிஸ்டன் காலிப்பர். பெரிய டிஸ்க், சின்னச் சக்கரம் இரண்டும் சேர்வதால், காலிப்பர் அதே அளவு அழுத்தினாலும் தரையில் பிடிக்கும் விசை கிட்டத்தட்ட கால் பங்கு கூடுகிறது. அந்த விசையை எண்டூரோ ஃபோர்க்குக்குக் கொடுத்தால் அது அடிவரை அமுங்கி, ஏற்கெனவே குறைந்த டிரெயிலை இன்னும் குறைக்கும். 2019 மாடலில் எண்டூரோ ஆருக்கு முன்னும் பின்னும் 250 மி.மீ சஸ்பென்ஷன் ஓட்டம், எஸ்எம்சி ஆருக்கு முன்னால் 215, பின்னால் 240. முன்பக்கத்தில் மட்டும் இவ்வளவு வெட்டியது பிரேக்குக்காகத்தான்.

சரி, இன்ஜின். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பிஸ்டன் மேலும் கீழும் போவதால் வரும் உதறலை, அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கிலேயே எதிர் எடை வைத்து முழுதாக அடக்கினால், அந்த எடை சுற்றும்போது அதே உதறல் முன்பின்னாகத் திரும்பிவிடும். அதனால் பாதி எடையைத்தான் கிராங்கில் வைப்பார்கள். மீதிப் பாதி, கிராங்கின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுற்றும் பேலன்ஸர் ஷாஃப்டில் இருக்கும். மேல்கீழ் திசையில் இரண்டும் சேர்ந்து பிஸ்டனை எதிர்க்கும், முன்பின் திசையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த ஷாஃப்டை கிராங்கின் மையத்திலேயே வைக்க முடியாது, தள்ளித்தான் வைக்க வேண்டும். அந்தத் தள்ளலால் இன்ஜின் மொத்தத்தையும் ஊஞ்சல் மாதிரி ஆட்டும் ஒரு முறுக்கு மிஞ்சுகிறது.

690-களில் இருக்கும் கேடிஎம்மின் எல்சி4 இன்ஜின் வரிசை 1987 முதல் வருகிறது. 640 என்று விற்றது உண்மையில் 625 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 101 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 78. முதலில் வந்த 690-கள் 102க்கு 80, அதாவது 654 சிசி தான். அப்புறம் ஸ்ட்ரோக்கை 84.5 ஆக நீட்டி நிஜமாகவே 690 ஆக்கினார்கள். நீண்ட ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டும். 8000 சுற்றில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 22.5 மீட்டர். 2016-இன் 690 டியூக் என்ற சாலை வண்டியில் அதைத் திருப்பிப் போட்டார்கள். போர் 105, ஸ்ட்ரோக் மறுபடி 80, சிலிண்டர் ஹெட்டிலேயே இரண்டாவது பேலன்ஸர் ஷாஃப்ட். அதே 8000 சுற்றில் பிஸ்டன் வேகம் 21.3க்கு இறங்கியது. 2019-இல் இதே இன்ஜின் எண்டூரோ ஆருக்கும் எஸ்எம்சி ஆருக்கும் வந்தது, 74 குதிரைத்திறனோடு. வால்வைத் திறக்கும் கேமுக்குப் பக்கத்தில் விரல் நுழைய இடம் கூட இல்லாத ஹெட்டுக்குள் ஒரு ஷாஃப்டைக் கொண்டுபோய் வைத்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

டுகாட்டியின் ஒற்றை சிலிண்டர் சூப்பர்மோட்டோவான ஹைப்பர்மோட்டார்ட் 698 மோனோவையும் இதோடு வைத்துப் பாருங்கள். போர் 116, ஸ்ட்ரோக் வெறும் 62.4, 659 சிசி. 10,250 சுற்று வரை போகிறது. அங்கே பிஸ்டன் வேகத்தைக் கணக்குப் போட்டால் அதே 21.3 தான்! ஸ்ட்ரோக் குட்டையாக இருப்பதால்தான் அவ்வளவு அதிகச் சுற்றிலும் பிஸ்டன் வேகம் ஏறாமல் நிற்கிறது.

மூன்றாம்கியர்:

கடைசல்காரன் சொன்னதோடு ஒரு பழைய கதை. சூப்பர்மோட்டோ ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்காகப் பிறந்தது. 1979-இல் பந்தய ஏற்பாட்டாளர் கேவின் ட்ரிப் யோசனையில், கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பேட் பந்தயத்தடத்தில் ஏபிசி தொலைக்காட்சிக்காக 'சூப்பர்பைக்கர்ஸ்' நடத்தினார்கள். மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண்தடம்), ஃப்ளாட் டிராக் (நீள்வட்ட மண்தடம்), சாலைப் பந்தயம் மூன்றிலும் இருந்து வீரர்களைக் கூப்பிட்டு, தாரும் மண்ணும் கலந்த ஒரே தடத்தில் விட்டார்கள். 1985 வரை நடந்தது. அமெரிக்காவில் அணைந்ததை ஐரோப்பா, முக்கியமாக பிரான்ஸ், பிடித்துக்கொண்டது.

ஓட்டுபவனாக என் அனுபவம் ஒன்று. சூப்பர்மோட்டோவில் வளைவுக்குள் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு நுழைவோம். பெரிய ஒற்றைப் பிஸ்டனில் ஆக்சிலரேட்டரை விட்டாலே இன்ஜின் பிரேக் பிடிக்கும், பின்சக்கரம் தத்தித் தத்திக் குதிக்கும். இன்ஜின் பிரேக் அதிகமாகும்போது தானாகச் சற்று நழுவும் ஸ்லிப்பர் கிளட்ச் போட்ட பிறகுதான் அந்தச் சறுக்கல் எனக்கு ஒழுங்காகக் கைவந்தது. எண்டூரோவில் செங்குத்து இறக்கத்தில் இறங்கும்போது அதே இன்ஜின் பிரேக்தான் உங்களைக் காப்பாற்றும்.

புழுதிப்பிரியன்:

கடைசல்காரன் அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. இன்று காலை அளந்துபார்த்தேன். என் ஃபோர்க் குழாய்கள் மேல் கிளாம்புக்கு மேலே 15 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆஃப்செட் குறைவான கிளாம்ப் கடைந்து போட்டுவிடலாமா? அப்புறம் 21 சக்கரத்தையும் அதிலேயே மாட்டலாம் அல்லவா?

கடைசல்காரன்:

வேண்டாம் தம்பி. 10 மி.மீ குறைந்த கிளாம்பில் 21 சக்கரத்தை மாட்டினால் டிரெயில் 120ஐத் தாண்டும், குறுகலான மண்பாதையில் ஸ்டியரிங் கனக்கும். அதைவிட மோசம், சக்கரம் 10 மி.மீ பின்னால் வருவதால் ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயர் ரேடியேட்டரில் இடிக்க வாய்ப்பு உண்டு. ஒரு சக்கரத்துக்குச் சரியான கிளாம்ப் இன்னொன்றுக்குத் தவறு. ஆலையில் இரண்டு மாடலாகவே விற்பதற்கும் காரணம் இதுதான். சனிக்கிழமைதோறும் சக்கரம் மாற்றப்போகிறீர்கள் என்றால் கிளாம்பைத் தொடாதீர்கள். 17 போடும்போது ஃபோர்க்கை மேல் கிளாம்பின் மட்டத்துக்கு இறக்குங்கள். மூக்குக் குனிவில் பெரும்பகுதி போய்விடும். ஆரத்தால் போன டிரெயில் திரும்பாது, அதனால் நெடுஞ்சாலை வேகத்துக்கு இந்த அமைப்பை நம்பாதீர்கள்.

மறக்கக்கூடாத சில. வண்டி மூன்று செ.மீ போல இறங்கும், ஆனால் சைடு ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருக்கும். வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயும், குட்டையான ஸ்டாண்ட் தேவை. ஸ்பீடோ முன்சக்கரத்திலிருந்து வேகத்தை எடுத்தால், மணிக்கு 100 கி.மீ வேகத்தில் போகும்போது 116 காட்டும். ஏபிஎஸ் இருந்தால் அதுவும் குழம்பும், அதற்கான அமைப்பை மாற்ற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்சக்கரச் சுற்றளவு 8 சதவீதம் குறைவதால் கியர் எல்லாம் குட்டையாகத் தெரியும். பின்னால் 45 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் 17 சக்கரத்தில் 41 போடுங்கள். நாலு பல் குறைந்தால் செயின் தளரும், பின் அச்சை 16 மி.மீ பின்னால் இழுக்க வேண்டும். உங்கள் அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்து சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு கண்ணி குறைத்து இன்னொரு செயினைத் தனியாக அந்தச் சக்கரத்தோடேயே வைத்துக்கொள்ளலாம்.