ஹிஸ்டரி சேனல்ல ஹிஸ்டரியக் காணோமே, யாராச்சும் இன்னும் பாக்குறீங்களா?

புதுமண்டபத்தான்:
வணக்கம் மக்களே. நான் மதுரையில டூரிஸ்ட் கைடு. கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், ஆள் விரும்பினா கீழடி வரைக்கும் கூட்டிட்டுப் போவேன். போன வாரம் வடக்க இருந்து வந்த ஒரு குடும்பத்த ஆயிரங்கால் மண்டபத்துல நிப்பாட்டி, 985 தூணு, 1569ல அரியநாத முதலியார் கட்டினதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். கூட வந்த காலேஜ் பய, "இத மனுசன்தான் செஞ்சான்னு எப்படிச் சொல்றீங்க?"ங்கறான். ஏன்டா தம்பின்னா, ஹிஸ்டரி சேனல்ல பாத்தானாம். பிரமிடு, பெரிய கோயிலு எல்லாம் வேற்றுக்கிரகத்துக்காரங்க வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனதாம்.

எனக்கு யார் மேல கோவப்படுறதுன்னே தெரியல. அந்தச் சேனல் நம்மூருக்கு வந்த புதுசுல ரெண்டாம் உலகப்போரு, ரோமாபுரி, எகிப்துன்னு போட்டதப் பாத்துத்தான் எனக்கே வரலாத்துப் பக்கம் ஆசை வந்துச்சு. இங்கிலீஷ் பாதி புரியாது, இருந்தாலும் பாப்பேன். 2008ல பேரு ஃபாக்ஸ் ஹிஸ்டரி அண்ட் என்டர்டெயின்மென்ட்னு மாறுச்சு. அப்புறம் டிராவலர் வந்து ஒட்டிக்கிருச்சு, கடைசியில பேர்ல இருந்த ஹிஸ்டரியே போயிருச்சு. 2011ல ஹிஸ்டரி டிவி18 வந்தப்ப தமிழ்லயும் கேக்கலாம்னு சந்தோசப்பட்டேன். அதுல ராத்திரி உக்காந்தா அடகுக்கடை, புதையல் வேட்டை, ஏலியன்.

ரெண்டே கேள்வி. ஏன் இப்படி ஆச்சு? பழைய மாதிரி வரலாறு எங்க கெடைக்கும்?

செல்லூர் கேபிள்:
அண்ணே, நான் கேபிள் ஆபரேட்டர். மொதக் கேள்விக்கு நான் சொல்றேன். அமெரிக்காவுல அந்தச் சேனல் 1995ல ஆரம்பிச்சது. எந்நேரமும் போர்ப்படமாப் போட்டதுல "ஹிட்லர் சேனல்"னே பட்டப்பேரு வச்சுட்டாய்ங்க. பாக்குறவன் பூரா வயசான ஆளு. 2007ல ஐஸ் ரோடு டிரக்கர்ஸ்னு பனிக்கட்டி மேல லாரி ஓட்டுறதக் காட்டினாய்ங்க, கூட்டம் அள்ளுச்சு. 2009ல பான் ஸ்டார்ஸ், லாஸ் வேகாஸ் அடகுக்கடை. அது அதுக்கும் மேல. செட்டு வேணாம், ராஜா வேசம் கட்ட ஆளு வேணாம், கடையில கேமராவ வச்சா போதும். அப்புறம் எவன் ரோமாபுரிக்குச் செலவு பண்ணுவான்?

நம்மூர்லயும் அதே கததான். 2019ல டிவி, கேபிளுக்கெல்லாம் விதி போடுற டிராய் அமைப்போட புது விதி வந்து, வேணுங்கற சேனல நீங்களே எடுத்துக்கங்கன்னு சொன்னப்ப வீடு வீடா எழுதி வாங்கினேன். சீரியல், சினிமா, நியூஸ், சுட்டிப் பயலுகளுக்கு கார்ட்டூன். ஹிஸ்டரிய வாய்விட்டுக் கேட்ட வீடு அபூர்வம். கேக்காதத எப்படிண்ணே தருவாய்ங்க?

பட்டறைப் பொண்ணு:
அடகுக்கடைய ஏன் ஏலியனோட சேத்துத் திட்டுறீங்க? எங்களுக்குத் தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறை. தாத்தா அந்த நிகழ்ச்சிய விடாமப் பாப்பாரு. ஒருத்தன் பழைய வாளக் கொண்டு வருவான். தெரிஞ்ச ஆளக் கூப்புட்டு இது எந்தக் காலம், கைப்பிடி அசலா, பின்னாடி மாத்தினதான்னு பாப்பாங்க. முக்கால்வாசி நேரம் கொண்டு வந்தவன் மூஞ்சி தொங்கிப் போகும். தாத்தா இங்க இருந்தே "உரசிப் பாருடா"ம்பாரு. பொருள் ஒண்ணக் கையில வச்சுக்கிட்டு, அதுக்கு என்ன சாட்சின்னு கேக்குறதும் வரலாறுதானே? ராஜா பேரும் வருசமும் ஒப்பிச்சாத்தான் வரலாறா?

ஏலியன் சமாச்சாரத்துல மட்டும் உங்க கட்சி.

திருமங்கலம் வாத்தியார்:
வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறைப் பொண்ணு சொன்னதில் விஷயம் இருக்கிறது, ஆனால் சாட்சியைக் காட்டுகிறேன் என்று வந்தும் கவிழ்ப்பார்கள். 1937இல் காணாமல்போன விமானி அமேலியா இயர்ஹார்ட்டைப் பற்றி 2017இல் அமெரிக்க ஹிஸ்டரி சேனலில் ஒரு ஆவணப்படம் வந்தது. ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, மார்ஷல் தீவுகளில் அவர் உயிரோடு இருந்ததற்கு இதுவே ஆதாரம் என்றார்கள். அதே படம் 1935இலேயே அச்சான ஒரு ஜப்பானியப் புத்தகத்தில் இருப்பதை ஒரு ஜப்பானிய வலைப்பதிவர் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார். காணாமல்போவதற்கு இரண்டு வருஷம் முன்னால்! சேனல் அந்த ஆவணப்படத்தை மறுபடி போடாமல் நிறுத்திக்கொண்டது.

அவர்களாவது நிறுத்தினார்கள். நம் யூடியூபில் குமரிக்கண்டத்துக்கு வரைபடம் போட்டு, எல்லையும் தலைநகரும் குறித்து ஓட்டுகிறவர்களை யார் நிறுத்துவது? என் பேரன் அதைத்தான் பார்க்கிறான். தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு: கீழடி அகழாய்வு பற்றித் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையை முதலில் படியுங்கள். சுவாரசியத்துக்குக் குறைவில்லை.

புதுமண்டபத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பட்டறைத் தங்கச்சி, தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. ஒத்துக்கிறேன், அடகுக்கடைய விட்டுருவோம்.

சார், அறிக்கையப் படிக்கிறேன். ஆனா எங்கிட்ட வாரவன் அறிக்க படிக்க மாட்டானே, டிவி பாத்துட்டுல்ல வாரான். அதான் வயித்தெரிச்சல். ஏலியன் இல்லாமயே இங்க சரக்கு கெடக்கு. மதுரைக்குப் பக்கத்துல இருக்குற ஆனமலையில நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில், 770ல வெட்டினது, கல்வெட்டுலயே கணக்கு இருக்கு. கருங்கல்ல வரிசையா குழி வெட்டி, ஆப்பு எறக்கி, கோடு போட்ட மாதிரிப் பொளக்குறத ஒரு கல்லுடைக்கிற ஆள வச்சுச் செஞ்சு காட்டினா அர மணி நேரம் கண்ண எடுக்க முடியுமா? இல்ல, பத்தொன்பதாம் நூத்தாண்டுல கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சொவர இடிச்சு அகழிய மூடின கதைய எடுங்க. நாம தெனமும் நடக்குற மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அதுல வந்ததுதான். இடிச்சவங்க பேரத்தான் வீதிக்கு வச்சிருக்கோம். இதுக்கு எந்த மர்ம மியூசிக்கும் வேணாம்.

செல்லூர் அண்ணே, கேபிள்காரர்ங்கறதால கேக்குறேன். அந்த ஒரு சேனல மட்டும் எடுத்துட்டா மாசம் எவ்வளவு கொறையும்?

செல்லூர் கேபிள்:
தனியா வாங்கியிருந்தாத் தூக்கலாம். பேக்கேஜ்ல வந்ததுன்னா ஒத்தச் சேனல மட்டும் எடுக்க முடியாதுண்ணே, மொத்தமும் போயிரும். அண்ணி பாக்குற சீரியலும் அதே பேக்கேஜ்ல இருக்கான்னு பாத்துட்டு, வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க.