இடுப்பு மூட்டுத் தேய்மானம்: மோட்டார் கருவியா, கைத்தடியா?

நடைராஜா: எனக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். இடுப்பில் பெல்ட்டும் தொடையில் பட்டையுமாகக் கட்டிக்கொள்ளும் மோட்டார் நடைக்கருவி பற்றிக் கேட்டால், "முதலில் தடி ஊன்றுங்கள்" என்கிறார் மருத்துவர். ஹோண்டா 1999-லேயே இதில் ஆராய்ச்சியைத் தொடங்கி, 2015-ல் ஜப்பானில் வாடகைக்கும் விட்டுவிட்டது. எடை மூன்று கிலோகூட இல்லை. இன்னும் தடிதானா?

செவ்வந்தி: நான் பிசியோதெரபிஸ்ட். தடியை இளக்காரமாகப் பேசாதீர்கள் ஐயா. நடக்கும்போது ஒரு கால் தரையில், மறு கால் காற்றில் இருக்கிற நேரம் வருகிறதே, அப்போதுதான் மூட்டு படாத பாடு படும். இடுப்பு மறுபக்கம் சரியாமல் இருக்க, பக்கவாட்டுத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் உடல் எடையும் சேர்ந்து, சாதாரண நடையிலேயே எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான சுமை மூட்டில் இறங்கும். தடி அந்தத் தசையின் வேலையைக் குறைக்கிறது. உங்கள் மோட்டாரோ தொடையை முன்னும் பின்னும்தான் தள்ளும். பக்கவாட்டில் அதற்கு வேலையே இல்லை.

மோட்டார்மணி: பக்கவாட்டு விஷயம் சரி. ஆனால் வலிக்குப் பயந்து அடியைக் குறுக்கி, நடையையே குறைத்து, தசை வற்றிப்போகிறதே, அதற்குத் தடி என்ன செய்யும்? கருவியின் சென்சார் இரண்டு இடுப்பின் கோணத்தையும் பார்த்து, அடியைச் சீராக்குகிறது. நாலு தெரு கூடுதலாக நடந்தால் அதுவே மருந்து.

செவ்வந்தி: நடப்பது நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் அமெரிக்காவில் அந்த ஹோண்டா கருவிக்கு அனுமதி கிடைத்தது பக்கவாதம் வந்தவர்களின் நடைப்பயிற்சிக்கு. ஜப்பானில் ஹால் (HAL) என்ற இன்னொரு மோட்டார் நடைக்கருவிக்கு 2015-ல் கிடைத்ததும் நரம்பு, தசை நோய்களுக்குத்தான். அவர்களுக்குக் காலை அசைக்கும் சக்தி போதவில்லை. இங்கே மூட்டே இறுகிக் கிடக்கிறது. எலும்பு முளைத்து, மூட்டுறை சுருங்கியவரின் காலை மோட்டார் பின்னால் தள்ளினால் கால் போகாது. இடுப்பு முன்னால் சாய்ந்து முதுகு வளையும். தூரத்திலிருந்து பார்த்தால் அடி நீண்டது போலத் தெரியும், அவ்வளவுதான்.

மோட்டார்மணி: விசையைக் குறைத்து வைக்கலாமே! கழுத்தைப் பிடித்துத் தள்ளும் எந்திரமா அது? மூட்டு மாற்றிய பிறகு இறுக்கம் போய்விடுகிறது, பழைய நொண்டல் மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அங்கேயாவது பயன்படும் என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி: அங்கே முயன்று பார்க்கலாம், பயிற்சி அறையில், ஆள் பக்கத்தில் இருக்க. தேய்ந்த மூட்டோடு வீட்டில் மாட்டிக்கொண்டு உலாவுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

நடைராஜா: தடி ஊன்றினால் ஒரு கை போச்சு அம்மா. குடை பிடிக்கவும் முடியாது. ஊன்றியும் வலி குறையக் காணோம்.

செவ்வந்தி: எந்தக் கையில் ஊன்றுகிறீர்கள்?

நடைராஜா: இடது கையில். வலிக்கிற பக்கத்தைத்தானே தாங்க வேண்டும்?

செவ்வந்தி: வலது கையில் ஊன்றுங்கள். இடது கால் தரையைத் தொடும்போதே தடியும் தொட வேண்டும். கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும்.

மோட்டார்மணி: அப்புறம் கருவியையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். வாங்க வேண்டாம், பயிற்சி மையத்தில் கேளுங்கள்.

செவ்வந்தி: பார்க்கலாம். ஆனால் மாட்டியிருக்கும்போது எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அன்று இரவு புரண்டு படுக்கும்போது இடுப்பு எப்படி இருந்தது என்று வந்து எழுதுங்கள்.