ஹாஃப்-லைஃப் மூன்றாம் பாகம்: எல்லோரும் ஒரே நாளில் விளையாடினால் அசைந்து கொடுப்பார்களா?

எதிரொலி77

2007 அக்டோபரில் 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ' என்ற கணினி விளையாட்டு வெளியானது. அதன் கடைசிக் காட்சியில் ஒரு மகள் தந்தையின் உடலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், திரை இருள்கிறது. மூன்று எபிசோடுகள் என்று அறிவித்தே வால்வ் நிறுவனம் அந்த வரிசையைத் தொடங்கியது. மூன்றாவது வரவேயில்லை. அப்போது பள்ளியில் படித்த எனக்கு இப்போது தலையில் நரை.

என் யோசனை இது. ஒரு சனிக்கிழமை, குறித்த ஒரு மணி நேரத்தில், எங்கெங்கோ இருக்கும் நாம் எல்லோரும் ஹாஃப்-லைஃப் 2-ஐத் திறப்போம். எந்த விளையாட்டை எத்தனை பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீம் வெளிப்படையாகக் காட்டுகிறது. அந்த எண் திடீரென ஏறினால் ஸ்டீமை நடத்துகிறவர்கள் கண்ணில் படாமல் போகாது. கூடவே ஒரு கடிதம். வரைவு கீழே:

"நாங்கள் காத்திருந்தது போதும். தொடங்கிய கதையை முடிக்க நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள். மூன்றாம் பாகத்தின் தேதியை அறிவியுங்கள். மௌனம் எங்களை அவமதிக்கிறது."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கையெழுத்திட விரும்புகிறவர்கள் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.

கருங்கல்

பிள்ளை எத்தனை ஆண்டுகளாக அழுகிறது என்று கணக்குப் பார்த்தீர்களா?

இதையே 2012 பிப்ரவரியில் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் குறித்த நேரத்தில் ஹாஃப்-லைஃப் 2-ஐத் திறந்தார்கள், ஸ்டீம் பட்டியலில் அது மேலேறியது, செய்தித் தளங்கள் எழுதின. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு ரசிகர்கள் வால்வ் அலுவலகத்தின் வாசலிலேயே பதாகையோடு நின்றார்கள். வால்வின் தலைவர் கேப் நியூவெல் தாமே வெளியே வந்து அவர்களிடம் பேசினார். பேசிவிட்டு உள்ளே போனார். எபிசோட் த்ரீ வந்ததா?

கடிதத்தில் 'கடமைப்பட்டிருக்கிறீர்கள்' என்ற சொல் எனக்குப் புரியவில்லை. நீங்கள் காசு கொடுத்தீர்கள், எபிசோட் டூவை வாங்கினீர்கள், விளையாடினீர்கள். கணக்கு தீர்ந்தது.

எதிரொலி77

தீரவில்லை. மூன்றில் இரண்டாவது என்று சொல்லி விற்ற பொருளை வாங்கினேன். மூன்றாவது இருக்கிறது என்ற நம்பிக்கையும் அந்த விலைக்குள் அடக்கம். தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை அச்சிடாத பத்திரிகையிடம் வாசகன் கேள்வி கேட்கக் கூடாதா?

2012-இல் கேட்டவர்கள் விளையாட்டைக்கூடக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'இருக்கிறதா, இல்லையா என்று ஒரு வார்த்தை பேசுங்கள்' என்பதுதான் அவர்கள் வேண்டுகோள்.

கருங்கல்

அந்த ஒரு வார்த்தையும் அன்று கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பனிக்கரடி

கருங்கல் நண்பரே, பெயருக்கு ஏற்றபடியே பேசுகிறீர்கள். உங்களிடம் நார் உரிக்க முடியாது என்றாலும் 'ஷென்மூ' விளையாட்டு வரிசையை நினைவுபடுத்துகிறேன்.

இரண்டாம் பாகம் 2001-இல் வந்தது. ஒரு குகைக்குள் கதை அந்தரத்தில் நின்றது. ரசிகர்கள் மாதந்தோறும் மூன்றாம் தேதியன்று ட்விட்டரில் ஒரே குறிச்சொல்லுடன் எழுதத் தொடங்கினார்கள். மூன்றாம் பாகம் வேண்டும், அதனால் மூன்றாம் தேதி. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2015 ஜூனில் ஈ3 கண்காட்சியில், சோனியின் மேடையில் அதை உருவாக்கிய யூ சுஸுகி வந்து நின்று மூன்றாம் பாகத்தை அறிவித்தார். மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட 20 லட்சம் டாலர் அன்றே சேர்ந்துவிட்டது. முடிவில் 63 லட்சம் டாலர், 69,000-க்கும் மேற்பட்ட ஆதரவாளர்கள். அவர்களில் நானும் ஒருவன். 2019 நவம்பரில் ஷென்மூ 3 என் கையில் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள்!

ஆகவே கேட்டால் கிடைக்கும். விடாமல் கேட்க வேண்டும்.

கருங்கல்

கதை முடிந்ததா?

பனிக்கரடி

...முடியவில்லை.

கருங்கல்

இப்போது நான்காம் பாகத்துக்கு இயக்கம் நடக்கிறது, அப்படித்தானே? நான் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் காத்து, கைக்காசும் போட்டு, மீண்டும் அந்தரத்திலேயே நிற்பது எப்படி இருக்கிறது?

பனிக்கரடி

எப்படிச் சொல்வது? முதல் நாள் இரவு அந்தக் கிராமத்துப் பாதையில் நடந்தபோது எனக்குக் கண் கலங்கியது. விளையாட்டாகப் பார்த்தால் அது பழைய காலத்துப் பொருள்தான், சண்டைக்காட்சிகளும் சுமார். புதிதாக ஒருவரிடம் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் போட்ட காசுக்காக ஒரு நாளும் வருந்தவில்லை. 2019-இல் கணினிப் பதிப்பு ஸ்டீமின் போட்டியாளரான எபிக் கடையில் மட்டும் என்று அறிவித்தபோது, ஸ்டீமில் எதிர்பார்த்திருந்த ஆதரவாளர்கள் கொதித்தார்கள். பணம் திருப்பித் தரும் ஏற்பாடும் வந்தது. நான் கேட்கவில்லை.

நிரல்தச்சன்

ஒரு காலத்தில் இந்தத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் உள்ளே இருந்து சிலவற்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

எங்கள் பழைய விளையாட்டு ஒன்றுக்கு அடுத்த பாகம் கேட்டு ரசிகர்கள் மனு அனுப்பினார்கள். பல ஆயிரம் கையெழுத்துகள். விளம்பரப் பிரிவினர் அதைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டினார்கள். நிதிப் பிரிவிலிருந்து ஒரே கேள்வி வந்தது: இவர்களில் எத்தனை பேர் முதல் பாகத்தை முழு விலைக்கு வாங்கியவர்கள்? பதில் யாரிடமும் இல்லை. கையெழுத்து இலவசம். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பழைய பாகம் இப்போதும் விற்கிறதா, அறிவித்த புதிய விளையாட்டை எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள் என்ற எண்களுக்குத்தான் மேசையில் எடை. ஷென்மூவின் மாதாந்தரக் கூச்சலைவிட அந்த 63 லட்சம் டாலர்தான் பேசியது. அதுவும் முழுச் செலவுக்குப் போதவில்லை, சோனி போன்றோரின் ஆதரவும் தேவைப்பட்டது.

இருந்தாலும் எங்கள் நிறுவனம் அனுமதி கொடுத்தது. அடுத்து நடந்ததை வெளியில் யாரும் அறியவில்லை. பழைய மூல நிரலைத் திறந்தோம். அதைத் தொகுக்கப் பயன்பட்ட கருவிகள் எங்களிடமே இல்லை. முதல் பாகத்தின் களங்களை வடிவமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். அவருடைய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. பாதிப் பக்கங்களில் அம்புக்குறிகள் மட்டும். அவர் எதை நினைத்து அந்த அம்புகளைப் போட்டார் என்று ஊகிப்பதே என் வேலையாகிவிட்டது. யாரோ ஒருவருடைய கையெழுத்தைப் போலியாகப் போடப் பழகுவது போன்ற வேலை. எட்டு மாதங்களில் திட்டத்தை மூடினார்கள். அறிவிக்கவே இல்லை என்பதால் ரத்தானதும் வெளியே தெரியாது. 'ரசிகர்களை மதிக்காத நிறுவனம்' என்று இன்றும் எங்கோ எழுதுகிறார்கள். படிக்கும்போது விரல் துறுதுறுக்கும். ஒப்பந்தம் வாயைக் கட்டியிருக்கிறது.

எதிரொலி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

எதிரொலி77

மனம் திறந்து சொன்னதற்கு நன்றி, நிரல்தச்சன். ஆனால் வால்வுக்கு இதில் எது பொருந்தும்? பணப் பஞ்சமா? ஆள் பஞ்சமா? ஸ்டீமையே வைத்திருப்பவர்கள்!

நிரல்தச்சன்

அங்கே பஞ்சம் வேறு. ஹாஃப்-லைஃப் 2-இன் இருபதாம் ஆண்டையொட்டி 2024 நவம்பரில் வால்வே ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. எபிசோட் த்ரீக்காகச் செய்து பார்த்த பனித் துப்பாக்கியைக்கூட அதில் காட்டுகிறார்கள். கதையை நகர்த்துகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செய்வது ரசிகர்களுக்கான கடமையிலிருந்து நழுவுவதாகவே இருந்திருக்கும் என்ற பொருளில் நியூவெல் பேசுகிறார். புதிதாக எதை முன்னே தள்ளுகிறோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் பாகத்துக்கு இயற்பியலும் ஈர்ப்புத் துப்பாக்கியும் இருந்தன. 2020-இல் அதே வரிசையின் 'அலிக்ஸ்' வந்தபோது மெய்நிகர்த் தலைக்கருவி இருந்தது. நடுவில் அவர்களிடம் 'ஏன்' என்பதற்கு விடை இல்லை. அந்த விடையைப் பட்டியலில் ஏறும் எண் எப்படிக் கொடுக்கும்?

எதிரொலி77

பனித் துப்பாக்கி இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள்! செய்திருக்கலாம், செய்யவில்லை. கதைக்காக மட்டுமே காத்திருந்த என்னைப் போன்றவனிடம் 'கதை மட்டும் போதாது' என்று அவர்களாக முடிவு கட்டுவது என்ன நியாயம்? 'அலிக்ஸ்' அருமைதான். ஆனால் தலைக்கருவி வாங்க வசதியில்லாத நான் அதன் முடிவை யாரோ பதிவேற்றிய காணொளியில் பார்த்தேன். எபிசோட் டூவின் கடைசிக் காட்சியையே அது புரட்டிப்போடுகிறது. தந்தை

மட்டுறுத்துநர்

'அலிக்ஸ்' முடிவை இந்த இழையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலுள்ள பதிவைப் பாதியில் வெட்டியவன் நான்தான். எபிசோட் டூவின் முடிவு முதல் பதிவிலேயே வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதற்குத் தடை போடுவதில் பொருளில்லை.

சில்வண்டு

காத்திருப்பதைப் பற்றி என்னிடம் கேளுங்கள். 'சில்க்சாங்' விளையாட்டு 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. நடுவில் ஒவ்வொரு விளையாட்டு அறிவிப்பு நிகழ்ச்சிக்கும் கோமாளி வேடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இன்றும் செய்தி இல்லை என்று சொல்வதற்காகவே ஒருவர் நாள் தவறாமல் காணொளி போட்டார். கடைசியில் உருவாக்கியவர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? வேலையை ரசித்துச் செய்துகொண்டிருந்தார்களாம். விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு குழு, நிம்மதியாக.

எங்கள் கூத்தினால் அது ஒரு நாள்கூட முன்னதாக வரவில்லை. ஆனால் வெளியான அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்படக் கடைத்தளங்கள் திணறின. அந்தக் கூட்டத்தில் பாதியை எங்கள் கூத்துதான் அழைத்து வந்தது என்று நான் நம்புகிறேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

கருங்கல்

சில்வண்டு சொல்வதில் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் யாரையும் வையவில்லை, தம்மையே கேலி செய்துகொண்டார்கள். ஹாஃப்-லைஃப் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2017 ஆகஸ்டில், அந்த வரிசையின் கதாசிரியர் மார்க் லெயிட்லா, வால்விலிருந்து விலகிய பிறகு, பெயர்களை மாற்றி ஒரு கடித வடிவக் கதையைத் தம் தளத்தில் வெளியிட்டார். எபிசோட் த்ரீ எப்படி இருந்திருக்கக்கூடும் என்பதன் நிழல் அது. படித்த ரசிகர்கள் நேராகப் போய் வால்வின் வேறொரு விளையாட்டான 'டோட்டா 2'-க்கு எதிர்மறை மதிப்புரைகளாகக் குவித்தார்கள். டோட்டா என்ன பாவம் செய்தது? அதை வெளியிட்டிருக்கக் கூடாது என்று லெயிட்லாவே பின்னாளில் வருந்தினார்.

இன்னொரு கூத்தும் உண்டு. 'லெஃப்ட் 4 டெட்' வந்த மறு ஆண்டே, 2009-இல், இரண்டாம் பாகம் என்று வால்வ் அறிவித்தது. உடனே புறக்கணிப்பு இயக்கம்! ஏன் இத்தனை சீக்கிரம் என்று கோபம். வால்வ் அந்த இயக்கத்தின் தலைவர்கள் இருவரைத் தன் அலுவலகத்துக்கே அழைத்து விளையாடக் கொடுத்தது. தாமதித்தாலும் குற்றம், தாமதிக்காவிட்டாலும் குற்றம்.

சூரியகாந்தித்தோட்டம்

நின்டெண்டோவின் 'மதர் 3' விளையாட்டை ஆடியவர்களுக்கு என் பெயரின் காரணம் புரியும்.

அது 2006 ஏப்ரலில் ஜப்பானில் மட்டும் வெளியானது. ஆங்கிலத்தில் கொண்டுவரச் சொல்லி ரசிகர்கள் மனு அனுப்பினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், தங்கள் ஓவியங்களையும் கட்டுரைகளையும் தொகுத்து அச்சிட்ட புத்தகமாகவே நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். பயனில்லை. பிறகு தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கிளைட் மாண்டெலின் தலைமையில் தாங்களே மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாக வெளியிட்டார்கள். என்றாவது அதிகாரபூர்வமாக வெளியிடுவதானால் மொழிபெயர்ப்பைக் காசு வாங்காமல் தருகிறேன் என்றுகூட மாண்டெலின் சொன்னார். அதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தோல்விதானே என்பீர்கள். ஆனால் அந்த ரசிகர் தளத்தில் வளைய வந்த ஒரு பையன், அந்த வரிசையின் இரண்டாம் பாகத்தைக் குடைந்து மாற்றி விளையாடப் பழகியவன், 2015-இல் 'அண்டர்டேல்' என்ற விளையாட்டைச் செய்தான். டோபி ஃபாக்ஸ். கேட்டது வரவில்லை, கேட்டவர்களில் ஒருவன் வேறொன்றைச் செய்துவிட்டான். மனுவின் விளைவை நிறுவனத்தின் பதிலில் மட்டும் தேடுகிறீர்கள், இருவரும்.

கருங்கல்

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எரிச்சலாக இருக்கிறது.

நிரல்தச்சன்

ஹாஃப்-லைஃப் பக்கமும் அது நடந்திருக்கிறது. முதல் பாகத்தை ரசிகர்களே மறுபடி கட்டிய 'பிளாக் மேசா' 2012-இல் இலவசமாக வந்தது. வால்வ் தடுக்கவில்லை, விற்கவும் அனுமதித்தது. 2020-இல் முழுமையானது. எட்டு ஆண்டு இடைவெளி. வெளியில் நின்று கேட்டவர்களே உள்ளே வந்து வேலை செய்தாலும் தாமதம் தாமதம்தான்.

எதிரொலி77

நேற்றிரவு இழை முழுவதையும் மறுபடி படித்தேன். என் கோபம் போகவில்லை. மௌனம் மரியாதைக்குறைவு என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். 2024-இல் ஆவணப்படத்தில் சொன்னதை 2012-இல் நாலு வரியில் எழுதியிருக்கலாம். ஆனால் 'கடமைப்பட்டிருக்கிறீர்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். தேதி கேட்கும் வரியையும். புதிய வரைவு:

"இன்று நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாஃப்-லைஃப் 2 ஆடுகிறோம். இன்னும் நன்றாக இருக்கிறது. அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசை. கதை மட்டுமே இருந்தாலும் வாங்குவோம்."

பனிக்கரடி

கையெழுத்து. கடைசி வரிக்கு இரண்டு கையெழுத்து போடலாமா?

நிரல்தச்சன்

'வாங்குவோம்' என்ற சொல் இருப்பதால் நிதிப் பிரிவு ஒரு கணமாவது நிமிர்ந்து பார்க்கும். நானும் சேர்கிறேன்.

கருங்கல்

கையெழுத்துக் கிடையாது. ஆனால் சனிக்கிழமை விளையாட வருகிறேன். எந்த அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறோம்?

எதிரொலி77

ரேவன்ஹோம். அந்தப் பிணங்கள் நடமாடும் ஊர்.

சில்வண்டு

இரவிலா? அப்படியானால் நான் கையெழுத்து மட்டும் போட்டுவிடுகிறேன்.