தண்டர்பேர்ட் சிக்னேச்சர்: ரிப்ளைல அடியில போயிடுது, தமிழ் ???? னு வருது

பிறை லாரி ஆபீஸ்:
வணக்கம். பினாங்கு பிறையில சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனி, மெயில் எல்லாம் விண்டோஸ் பிசில தண்டர்பேர்ட் மெயில் புரோகிராம்லதான். கம்பெனி பேரு தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணுலயும் வரணும், லோகோவும் வேணும்னு போஸ் (முதலாளி) ஒரே பிடி. நோட்பேட்ல அடிச்சு ஃபைலா சேவ் பண்ணி சிக்னேச்சரா குடுத்தேன், தமிழ் வரி மட்டும் ???? னு வருது. ரிப்ளை பண்ணா இன்னும் மோசம், கஸ்டமர் அனுப்புன நீள மெயில் எல்லாத்தையும் தாண்டி கடைசில போய் உக்காந்துக்குது, அது வரைக்கும் யாரு இறங்கிப் பாப்பா? லோகோ எப்படிப் போடறது?

செந்தூல்காரன்:
அடியில போறது செட்டிங்தான் பிரதர். அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல கம்போசிஷன் அண்ட் அட்ரஸிங் போங்க. ரிப்ளை பழைய மெயிலுக்கு மேல ஆரம்பிக்கணும்னு முதல்ல மாத்துங்க, அப்பதான் சிக்னேச்சர எங்க வைக்கறதுங்கற ஆப்ஷனே வேலை செய்யும், அதுல "பிலோ மை ரிப்ளை" எடுங்க.

???? வந்தா ஃபைல் ஏஎன்எஸ்ஐங்கற பழைய என்கோடிங்ல (எழுத்த ஃபைல்ல பதியற முறை) சேவ் ஆயிருக்கு. அதுல தமிழ் எழுத்துக்கு இடமே இல்ல, சேவ் பண்ணும்போதே கேள்விக்குறியா மாத்திடும், அதனால அந்த ஃபைல்ல இனி தேடிப் பிரயோஜனம் இல்ல. திரும்ப அடிச்சு, சேவ் ஆஸ்ல என்கோடிங் யூடிஎஃப்-8 (தமிழும் இதுல அடங்கும்) வச்சு சேவ் பண்ணுங்க. 2019க்கு அப்புறம் வந்த விண்டோஸ் 10 நோட்பேட் தானாவே அப்படித்தான் சேவ் பண்ணும், உங்க பிசி பழசு போல.

பட்டர்வொர்த் அக்கா:
லோகோவுக்கு நோட்பேட் ஆகாது தம்பி. புது மெயில் எழுதற விண்டோ திறந்து, அதுலயே மூணு வரியும் அடிச்சு, இன்சர்ட்ல படத்த வச்சு, மெயில அனுப்பாம எச்டிஎம்எல் ஃபைலா சேவ் பண்ணிக்கோங்க. அப்புறம் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல "அட்டாச் த சிக்னேச்சர் ஃப்ரம் எ ஃபைல்" டிக் பண்ணி அந்த ஃபைல காட்டுங்க. பிறகு ஃபைல வேற ஃபோல்டருக்கு மாத்தாதீங்க, சிக்னேச்சரே வராது. வெப்சைட்ல இருக்கற லோகோவுக்கு லிங்க் மட்டும் குடுத்தா, வாங்கறவங்க அவுட்லுக் அத பிளாக் பண்ணிடும், வெறும் கட்டம்தான் தெரியும். படத்த முன்னாடியே சின்னதாக்கிடுங்க, "ஓகே, நன்றி"ன்னு ஒரு வரி அனுப்பினாலும் அது கூடவே போகும் பாருங்க.

பிறை லாரி ஆபீஸ்:
தமிழ் வந்துருச்சு, ரெண்டு பேருக்கும் நன்றி லா! புது மெயில்ல மட்டும் சிக்னேச்சருக்கு மேல ரெண்டு சின்னக் கோடு (--) வருது, ரிப்ளைல இல்ல, ஏன்?

செந்தூல்காரன்:
அது யூஸ்நெட் (பழைய ஆன்லைன் டிஸ்கஷன் குரூப்) காலத்துப் பழக்கம். ரெண்டு கோடு, ஒரு ஸ்பேஸ், அதுக்குக் கீழ இருக்கறது சிக்னேச்சர்னு அர்த்தம். எதிர்ல இருக்கறவரும் தண்டர்பேர்ட்னா, உங்களுக்கு ரிப்ளை பண்ணும்போது அந்தப் பகுதிய வெட்டிடும். ரிப்ளைல உங்க சிக்னேச்சருக்குக் கீழ பழைய மெயில் இருக்கில்ல, அங்க கோடு வந்தா அதையும் சேத்து வெட்டிடும், அதான் போடறதில்ல. விட்டுடுங்க. அந்தக் காலத்துல சிக்னேச்சர்னா நாலு வரிக்கு மேல போனாலே திட்டுவாங்க, உங்க போஸ்கிட்ட சொல்லிப் பாருங்க 😄

பட்டர்வொர்த் அக்கா:
பில் அனுப்பற மெயில் அட்ரஸ் தனியா இருந்தா, அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல இருக்கற மேனேஜ் ஐடென்டிட்டீஸ்ல அத சேருங்க. அதுக்கு வேற சிக்னேச்சர் வச்சுக்கலாம், பேங்க் அக்கவுண்ட் நம்பர அதுல மட்டும் போடுங்க.