கம்ப்ரசர் மாற்றியும் கார் ஏசியில் கூலிங் நிலைக்கவில்லை, அவசரம்

மன்னை_வாசி: கம்ப்ரசர் மாற்றி கேஸும் போட்டாச்சு. கொஞ்ச தூரம் ஜில்லென்று வருகிறது, அப்புறம் வெறும் காற்று. வியாழக்கிழமை அம்மாவைத் தஞ்சாவூர் டாக்டரிடம் கூட்டிப் போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

குடந்தை_டீசல்: என்ன வண்டி, எந்த வருஷம், எந்த கேஸ்? கம்ப்ரசர் புதுசா, பழசா?

வயல்வெளி: முன்னால் ரேடியேட்டரை ஒட்டி இருக்கும் கண்டென்சரைப் பாருங்க. குறுவை அறுப்பு நேரம், ரோடெல்லாம் நெல்லும் வைக்கோலும். சுணை போய் அப்பிக்கொள்ளும். எனக்குத் தண்ணீர் அடித்ததும் சரியாகிவிட்டது.

ஏசி_வாத்தியார்: கண்டென்சர் அடைத்தால் வண்டி நிற்கும்போது கூலிங் போகும், ஓடினால் வரும். இவருக்கு ஓட ஓடப் போகிறது. கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதினால் நல்லது. தம்பி, "கேஸ் போட்டாச்சு" என்றால் எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை பார்த்துப் போட்டார்களா? உள்ளே ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றினார்களா?

மன்னை_வாசி: 2013 டீசல் ஹேட்ச்பேக், ஆர்134ஏ. கம்ப்ரசர் செகண்ட் ஹேண்ட். டிரையர் தெரியாது.

டெல்டா_ரைடர்: செகண்ட் ஹேண்டா? அதுதான் கோளாறு. புதுசு போடுங்க, வேறு பேச்சே வேண்டாம். அப்புறம் வயல்வெளி, ரோட்டில் நெல் காயப் போடுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்க. பைக் வழுக்குகிறது.

வயல்வெளி: களம் எங்கே இருக்கு? ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டு மாடியிலா காய வைப்பது?

டெல்டா_ரைடர்: அதற்காக ரோட்டில் பாதியை மறித்துக் கல் வைப்பதா?

குடந்தை_டீசல்: அண்ணே, அந்தச் சண்டை தனியாக. மன்னை, கூலிங் போகும்போது காற்றின் வேகமும் குறைகிறதா? குறைந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது, சென்சாரைப் பார்க்கணும்.

மன்னை_வாசி: வேகம் அப்படியேதான். ஏசியை அணைத்துவிட்டு டீ குடித்து வந்து போட்டால் மறுபடி ஜில். கம்ப்ரசர் வரும்வரை வண்டி ஷெட்டில் குழாய் திறந்தபடி கிடந்தது. நல்ல மழை வேறு.

குடந்தை_டீசல்: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! உள்ளே ஈரம் போயிருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் அது உறைந்து கேஸை மறிக்கும், அணைத்தால் உருகி வழிவிடும். பிரஷர் கேஜ் மாட்டி ஓட விடுங்க. குளிர் போகிற நேரத்தில் லோ சைடு (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பும் பக்கம்) முள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினால் சந்தேகமே இல்லை. கேஸை எடுத்துவிட்டு டிரையரும் ஓ-ரிங்கும் (குழாய் இணைப்பு ரப்பர் வளையம்) புதுசு போட்டு, முக்கால் மணி நேரமாவது பம்ப் வைத்து வாக்குவம் இழுக்கணும், உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெளியே வரும். பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸ். பழைய கம்ப்ரசர் ஜாம் ஆகியிருந்தால் இரும்புத் தூள் கண்டென்சருக்குள் போயிருக்கும். அதன் குழாய்கள் மிக நுணுக்கம், கழுவினால் போகாது, மாற்றணும்.

ஏசி_வாத்தியார்: டிரையர் என்று நான் அப்போதே கேட்டேன்.

மன்னை_வாசி: முள் கீழே இறங்கியது. டிரையர் மாற்றியாச்சு. இப்போது ஓகே. நன்றி.

குடந்தை_டீசல்: பழைய கம்ப்ரசர் ஜாமா, லீக்கா? கண்டென்சரையும் மாற்றினீர்களா?

டெல்டா_ரைடர்: மொத்தம் எவ்வளவு ஆச்சு?